கல்லில் ஒரு பெயர்... அதன் பின்னால் ஒரு வாழ்க்கை! - ஊர் மறக்காத ஆஸ்திரேலிய வீரர்கள்

ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன் போன்ற பெரிய நகரங்களைத் தாண்டி உள்ளே போனால் வரும் சின்ன ஊர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நீளமான ஒரு மெயின் ரோடு, தபால் நிலையம், பழைய ஹோட்டல் ஒன்று, நான்கைந்து கடைகள். கூடவே ஒரு போர் நினைவுச்சின்னம். சில ஊர்களில் தலைகுனிந்து நிற்கும் கல் சிப்பாய். சில ஊர்களில் வெறும் தூண். வசதி இல்லாத ஊர் என்றால் பொது மண்டபத்தின் சுவரில் மரப்பலகை.

எதுவாக இருந்தாலும் அதில் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊரில் முப்பது, நாற்பது பெயர்கள்கூட இருக்கும். கவனித்துப் படித்தால் ஒரே குடும்பப் பெயர் இரண்டு முறை, மூன்று முறை வரும். பெரும்பாலும் அவர்கள் அண்ணன் தம்பிகள்.

முதல் உலகப் போருக்காக மட்டும் இப்படி ஏறத்தாழ 1,500 நினைவுச்சின்னங்கள் அந்த நாட்டில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றைக் கட்டியது அரசாங்கம் அல்ல. ஊர் மக்களே வசூல் செய்து கட்டினார்கள்.

போர் நடந்ததோ பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி, துருக்கியிலும் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும். அங்கே போன தங்கள் ஊர்ப் பையன்களை நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஊர்கள் பெயர் சொல்லி நினைக்கின்றன. அந்த ஒவ்வொரு பெயரும் யாரோ சிலர் தேடி, எழுதி, சரிபார்த்துக் காப்பாற்றியது.

உடல் வரவில்லை... கல் வந்தது!

1914-ல் ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் 4,16,809 பேர். அதில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போனார்கள். இறந்தவர்கள் 60,000-க்கும் அதிகம். காயம்பட்டவர்கள், விஷவாயுவில் சிக்கியவர்கள், கைதானவர்கள் ஏறக்குறைய 1,56,000 பேர்.

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகவே வாரக்கணக்கில் ஆகும். இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை, போர்க்களத்துக்கு அருகிலேயே அடக்கம் செய்வது என்று பிரிட்டிஷ் பேரரசு முடிவெடுத்தது. பணக்காரர் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஏழை பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடக் கூடாது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று.

விதிவிலக்காக, மேஜர் ஜெனரல் வில்லியம் பிரிட்ஜஸ் என்ற தளபதியின் உடல் மட்டும் 1915-ல் தாயகம் திரும்பியது. மற்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்கள். இந்த விதி மாற 1966 வரை, அதாவது வியட்நாம் போர்க் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மாவால் பிரான்ஸுக்குப் போய் மகனின் கல்லறையைப் பார்க்க முடியுமா? பெரும்பாலானவர்களால் கடைசி வரை முடியவில்லை. அதனால்தான் ஊர் நடுவில் நின்ற கல்லே அவர்களுக்குக் கல்லறை ஆனது. பூவை அங்கே வைத்தார்கள். விரலால் பெயரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. முதல் உலகப் போரில் வெளிநாட்டுக்குப் போன ஆஸ்திரேலியப் படையில் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. கட்டாயமாக்கலாமா என்று 1916-லும் 1917-லும் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் மக்கள் 'வேண்டாம்' என்றுதான் தீர்ப்பளித்தார்கள். ஆக, போனவர்கள் எல்லோரும் தாமாகவே முன்வந்து சேர்ந்தவர்கள். அதனால் பல ஊர்களின் கற்களில் இறந்தவர்கள் பெயர் மட்டுமின்றி, உயிரோடு திரும்பியவர்கள் பெயரும் சேர்த்தே பொறிக்கப்பட்டது.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. யார் போனார்கள் என்று கல் சொல்லும்போது, யார் போகவில்லை என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

மகனுக்கு ஒரு மரம்

விக்டோரியா மாநிலத்தில் பல்லாரட் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் தங்கச் சுரங்கத்துக்குப் பெயர்போனது. அந்த ஊரும் சுற்றுவட்டாரமும் கல்லோடு நிற்காமல் மரங்களையும் நட்டன.

அங்கே இருந்த லூகாஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள்தான் இதன் பின்னணியில் இருந்தவர்கள். ஊரில் இவர்களுக்கு 'லூகாஸ் பெண்கள்' என்றே பெயர். தையல் மெஷினில் உட்கார்ந்து சம்பாதிக்கும் இவர்கள், நிதி திரட்டி 1917 முதல் 1919 வரை 3,700-க்கும் மேற்பட்ட மரங்களை நட்டார்கள். பல்லாரட்டிலிருந்து போருக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு மரம்!

மரங்களின் வரிசை 22 கிலோமீட்டர் நீளம். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பெயர்ப்பலகை. பதவி வாரியாகவோ பணக்காரர், ஏழை என்றோ பிரிக்கவில்லை. யார் முதலில் ராணுவத்தில் சேர்ந்தாரோ அவருக்கு முதல் மரம் என்று வரிசைப்படி நட்டார்கள். அதிகாரிக்குப் பக்கத்தில் சாதாரண சிப்பாய், சிப்பாய்க்குப் பக்கத்தில் நர்ஸ். வரிசையின் தொடக்கத்தில் ஒரு பெரிய வெற்றி வளைவையும் எழுப்பினார்கள். 1920-ல் அதைத் திறந்து வைத்தவர் அன்றைய பிரிட்டிஷ் இளவரசர்.

இன்று அந்த வழியாகக் காரில் போனால் கால் மணி நேரத்துக்கு மேல் மரங்கள் கூடவே வரும். '3,700 பேர்' என்று காகிதத்தில் படிப்பதற்கும், ஒவ்வொரு மரமாகக் கடந்து போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

'உங்கள் மகன் என்ன வேலை பார்த்தார்?'

சார்ல்ஸ் பீன் என்ற பத்திரிகையாளர் ஆஸ்திரேலியப் படைகளோடு கல்லிப்போலிக்கும் பிரான்ஸுக்கும் போனவர். பின்னாளில் அந்தப் போரின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதும் பொறுப்பும் அவருக்கு வந்தது. 12 தொகுதிகள் கொண்ட அந்த வரிசையில் 6 தொகுதிகளை அவரே எழுதினார்.

போர் வரலாறு என்றால் தளபதிகளின் கதையாகத்தான் இருக்கும். பீன் வேறு வழியில் போனார். சண்டையை விவரிக்கும்போது ஒரு சாதாரண சிப்பாயின் பெயர் வந்தால்கூட, அந்தப் பக்கத்தின் அடியிலேயே அவரைப் பற்றி ஒரு குறிப்பு கொடுத்தார். எந்தப் படைப்பிரிவு, என்ன தொழில், எந்த ஊர், எங்கே பிறந்தார், எப்போது இறந்தார் என்று நான்கு வரியில் ஒரு வாழ்க்கை. ஆட்டு ரோமம் கத்தரிப்பவர், வங்கி எழுத்தர், பள்ளி ஆசிரியர், தச்சர், பண்ணைத் தொழிலாளி என்று அந்தக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு நாடே கண் முன்னால் வந்து நிற்கும்.

இந்த விவரங்கள் எங்கிருந்து வந்தன? ராணுவக் கோப்புகளோடு, இறந்தவர்களின் வீடுகளுக்கு ஒரு படிவமும் போனது. மகன் எங்கே படித்தார், என்ன தொழில் செய்தார், எந்த ஊரோடு அவருக்கு அதிகத் தொடர்பு, எந்த ஊரின் கீழ் அவர் பெயர் வர வேண்டும் என்றெல்லாம் அதில் கேள்விகள். அப்பாக்களும் அம்மாக்களும் மனைவிகளும் தங்கள் கையெழுத்தில் பூர்த்தி செய்து அனுப்பிய அந்தப் படிவங்கள் இன்றும் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்த நினைவகம் அமையவும் பீன் தான் முக்கியக் காரணம்.

இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இன்னொன்றும் வந்தது. சுமார் 12 சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமான ஒரு வெண்கலத் தகடு. அதில் இறந்தவர் பெயர் மட்டும் இருக்கும், பதவி இருக்காது. பார்க்கப் பெரிய காசு போல இருந்ததால் மக்கள் அதற்கு வைத்த பெயர், 'செத்தவன் காசு'. பிள்ளைக்குப் பதிலாக ஒரு காசு என்ற கசப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

14 வயது சிப்பாய், 103 வயது தாத்தா

நியூ சவுத் வேல்ஸில் டோகம்வால் என்ற ஆற்றங்கரை ஊரில் 1901 ஜனவரியில் பிறந்தவர் ஜிம் மார்ட்டின். குடும்பத்தில் ஒரே ஆண் பிள்ளை. 1915 ஏப்ரலில் ராணுவத்தில் சேர்ந்தபோது '18 வயது' என்று பொய் சொன்னான். உண்மையில் வயது 14. சம்மதிக்காவிட்டால் வேறு பெயரில் ஓடிப்போய்ச் சேருவேன், கடிதமும் போட மாட்டேன் என்று சொன்னதால் பெற்றோர் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

கல்லிப்போலிக்குப் போகும் வழியிலேயே அவன் போன கப்பலை நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. மணிக்கணக்கில் கடலில் கிடந்து உயிர் பிழைத்தான். பதுங்குகுழியிலிருந்து அவன் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்து கடிதமே வரவில்லையே என்பதுதான் அவனுடைய பெரிய குறை. குடும்பம் எழுதாமல் இல்லை, அவன் கைக்குத்தான் எதுவும் போய்ச் சேரவில்லை.

குண்டு பட்டு அவன் சாகவில்லை. குடல் காய்ச்சல் வந்து, 1915 அக்டோபர் 25 அன்று மருத்துவமனைக் கப்பலில் இறந்தான். உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். அப்போது வயது 14 ஆண்டு, 9 மாதம். முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்களில் மிக இளையவன் என்று கருதப்படுபவன் இவன்தான்.

அதே கல்லிப்போலிக்குப் போன இன்னொரு பையன் அலெக் கேம்ப்பெல், தாஸ்மேனியாவில் பிறந்தவர். சேரும்போது வயது 16. அவரும் 18 என்றுதான் சொன்னார். நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். அவர் கல்லிப்போலியில் இருந்தது சுமார் ஆறு வாரம் மட்டுமே.

அதன் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கை அபாரமானது. தச்சு வேலை பார்த்தார், தொழிற்சங்கத்தில் பணியாற்றினார். 50 வயதுக்கு மேல் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினார். சிட்னி - ஹோபார்ட் பாய்மரப் படகுப் போட்டிகளில் கலந்துகொண்டார். ஒன்பது பிள்ளைகளுக்கு அப்பா ஆனார். கல்லிப்போலியில் போரிட்டவர்களில் உயிரோடு இருந்த கடைசி மனிதர் என்ற நிலையில், 2002 மே 16 அன்று 103 வயதில் இறந்தபோது அரசு மரியாதை கொடுத்தார்கள்.

103 ஆண்டில் ஆறு வாரம்! நாடு நினைவில் வைத்தது அந்த ஆறு வாரத்தை. அவருடைய குடும்பத்துக்கோ மீதி வாழ்க்கையும் சேர்ந்ததுதான் அலெக் கேம்ப்பெல். இப்போது உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் 'எப்படி இறந்தார்?' என்பதோடு 'எப்படி வாழ்ந்தார்?' என்றும் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு பெயரை எப்படித் தேடுகிறார்கள்?

கல்லில் பெரும்பாலும் இருப்பது ஒரு குடும்பப் பெயரும் முதலெழுத்தும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊர் வரலாற்றுச் சங்கங்களும் பள்ளி மாணவர்களும் பின்பற்றும் வழி ஏறக்குறைய இதுதான்.

முதலில் ராணுவக் கோப்பு. முதல் உலகப் போரில் சேர்ந்த சுமார் 3,76,000 பேரின் கோப்புகளை ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்து ஆன்லைனில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். உயரம், கண்ணின் நிறம், மச்சம், தொழில், நெருங்கிய உறவினர் யார் என்று எல்லாம் இருக்கும். லீவு முடிந்தும் திரும்பாமல் அபராதம் கட்டியது, பால்வினை நோய்க்குச் சிகிச்சை எடுத்தது போன்ற, குடும்பம் சொல்லாமல் மறைத்த விஷயங்களும் இருக்கும். கல்லில் 'வீரர்' என்று நிற்பவர் கோப்பில் சாதாரண மனிதராக எழுந்து வருவார்.

இரண்டாவது, பழைய செய்தித்தாள்கள். 'ட்ரோவ்' என்ற தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள் கொட்டிக் கிடக்கின்றன. போருக்குப் போன பையன்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை அந்தக் காலத்து ஊர்ப் பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. வழியனுப்பு விழாவில் யார் பாடினார்கள், என்ன பரிசு கொடுத்தார்கள் என்பதுவரை கிடைக்கும்.

மூன்றாவது, செஞ்சிலுவைச் சங்கக் கோப்புகள். முன்னாள் பிரதமர் ஆல்ஃப்ரெட் டீக்கினின் மகள் வேரா டீக்கின், 1915-ல் கெய்ரோவில் ஓர் அலுவலகம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23. 'காணவில்லை' என்று மட்டும் தந்தி வந்த குடும்பங்களுக்காக, மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இருந்த சக சிப்பாய்களிடம் விசாரித்து, நடந்ததை எழுதி அனுப்புவதுதான் வேலை. அப்படிச் சேர்ந்த கோப்புகள் சுமார் 32,000. கடைசியாக அவரை எங்கே பார்த்தார்கள், என்ன பேசினார், எங்கே புதைத்தார்கள் என்ற சாட்சியங்கள் அவற்றில் இருக்கின்றன.

93 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தவர்கள்

இப்படிக் காகிதத்தில் தேடியதன் மிகப் பெரிய பலன் பிரான்ஸின் ஃப்ரோமெல் கிராமத்தில் கிடைத்தது.

1916 ஜூலை 19 மாலை தொடங்கி மறுநாள் காலை வரை நடந்த சண்டையில் ஆஸ்திரேலியா இழந்தது 5,533 பேரை. கொல்லப்பட்டவர்கள், காயம்பட்டவர்கள், கைதானவர்கள் எல்லோரும் சேர்ந்த கணக்கு இது. இறந்தவர்கள் மட்டும் 2,000-ஐ நெருங்கும். அதில் பலரின் உடல் கிடைக்கவே இல்லை.

லாம்பிஸ் எங்லெசோஸ் என்ற மெல்போர்ன் பள்ளி ஆசிரியருக்கு இந்தக் கணக்கு இடித்தது. காணாமல் போனவர்களின் எண்ணிக்கைக்கும், சுற்றியுள்ள மயானங்களில் இருந்த பெயர் தெரியாத கல்லறைகளின் எண்ணிக்கைக்கும் பொருந்தவில்லை. மீதிப் பேர் எங்கே? செஞ்சிலுவைக் கோப்புகளையும் ஜெர்மன் தரப்பு ஆவணங்களையும் வைத்து, ஜெர்மானியர்கள் ஒரு தோப்பின் ஓரத்தில் குழி வெட்டி உடல்களைப் புதைத்திருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். அதிகாரிகள் முதலில் ஏற்கவில்லை.

2008-ல் சோதனைக்காகத் தோண்டிப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரிதான். 2009-ல் 250 பேரின் எச்சங்கள் வெளியே எடுக்கப்பட்டன. பெரும்பாலோர் ஆஸ்திரேலியர்கள். அவர்களுக்காகவே புதிய மயானம் கட்டி, ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடக்கம் செய்து 2010 ஜூலையில் அர்ப்பணித்தார்கள்.

அடுத்து, பெயர் கண்டுபிடிக்கும் வேலை. ஆஸ்திரேலியாவில் உறவினர்களைத் தேடி டி.என்.ஏ மாதிரி வாங்கி ஒப்பிட்டார்கள். கொள்ளுப்பேரன்களும், தங்கையின் பேத்திகளும் மாதிரி கொடுத்தார்கள். இதுவரை 170-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது. மற்றவர்களின் கல்லறைகள் இன்னும் பெயருக்காகக் காத்திருக்கின்றன.

கல்லில் இடம் கிடைக்காதவர்கள்

எல்லோருக்கும் இந்த மரியாதை ஒரே மாதிரி கிடைத்ததா? இல்லை.

'கணிசமான ஐரோப்பிய வம்சாவளி' இல்லாதவர்கள் படையில் சேர அன்றைய சட்ட விதிகள் தடையாக இருந்தன. இருந்தும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரில் 1,000-க்கும் மேற்பட்டோர் முதல் உலகப் போரில் எப்படியோ சேர்ந்துவிட்டார்கள். பதுங்குகுழியில் ஒரே சம்பளம், ஒரே சாப்பாடு. ஊர் திரும்பியதும் பழைய நிலைதான். திரும்பிய வீரர்களுக்கு அரசு கொடுத்த விவசாய நிலம், இவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

டக்ளஸ் கிராண்ட் என்ற பழங்குடி இளைஞர், ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவர். வரைபடக் கலைஞர். முதல் முறை ராணுவத்தில் சேர்ந்தபோது, பழங்குடியினர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற விதியைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் சேர்ந்து பிரான்ஸுக்குப் போனார். 1917 ஏப்ரலில் கைதாகி, பெர்லின் அருகே இந்தியக் கைதிகளும் இருந்த முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கைதிகளுக்கு வரும் உணவு, மருந்துப் பொட்டலங்களைப் பங்கிடும் பொறுப்பை நேர்மையாகச் செய்தார். போர் முடிந்து வந்தவருக்குக் காத்திருந்தது புறக்கணிப்பு. 1951-ல் இறந்தார். இன்று அவர் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பழங்குடி வீரர்களுக்காக 2015-ல் சிட்னியிலும், 2019-ல் கான்பெரா நினைவக வளாகத்திலும் தனி நினைவுச்சின்னங்கள் வந்தன.

இந்தியாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் குடியேறி, அந்த நாட்டுச் சீருடையில் போனவர்களும் சிலர் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ராணுவத்தில் சேர்ந்த நைன் சிங் சைலானி, 1917 ஜூனில் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார்.

பெண்களின் கதையும் தாமதமாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கப்பண்டா என்ற சின்ன ஊரில் பிறந்த நர்ஸ் விவியன் புல்விங்கல், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து தப்பி வந்த கப்பல் மூழ்கி, பாங்கா தீவில் கரை ஒதுங்கினார். அங்கே ஜப்பானியச் சிப்பாய்கள் 22 நர்ஸ்களைக் கடலுக்குள் நடக்கச் சொல்லிச் சுட்டார்கள். 21 பேர் இறந்தார்கள். காயத்தோடு மிதந்து பிழைத்தவர் விவியன் மட்டுமே. மூன்றரை ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வந்து சாட்சி சொன்னார். கான்பெரா நினைவக வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தது 2023-ல்தான். சிலையின் அடியில், அந்தக் கடற்கரைப் படுகொலையின் நினைவாக 22 உலோக வட்டுகள் பதித்திருக்கிறார்கள்.

சயாம் ரயில் பாதை... பட்டியல் இருந்தவர்களும் இல்லாதவர்களும்

ஆஸ்திரேலிய வீரர்களின் கதையும் தமிழர்களின் கதையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலேசியத் தமிழர்கள் 'சயாம் மரண ரயில்' என்று இன்றும் சொல்வது இதைத்தான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சுமார் 15,000 ஆஸ்திரேலியர்கள் கைதானார்கள். பின்னர் பல இடங்களிலிருந்து ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்ட ஆஸ்திரேலியர்கள் சுமார் 13,000 பேர். பட்டினி, காலரா, மலேரியா, அடி, உதை. ஏறக்குறைய 2,800 பேர் இறந்தார்கள். விக்டோரியாவில் பெனல்லா அருகே பண்ணையில் வளர்ந்த டாக்டர் எட்வர்ட் டன்லப், கையில் கிடைத்ததை வைத்து அறுவை சிகிச்சை செய்து சக கைதிகளைக் காப்பாற்றினார். 'வியரி' டன்லப் என்றால் ஆஸ்திரேலியாவில் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய அஸ்தியின் ஒரு பகுதியை 1994-ல் அதே ரயில் பாதையில், பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் பாஸ் என்ற இடத்தில் தூவினார்கள்.

கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ஒரு வேலை செய்தார்கள். இறந்தவர் பெயர், தேதி, புதைத்த இடம் எல்லாவற்றையும் ரகசியமாக எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களிலேயே ஒரு தேடுதல் குழு பாதை நெடுகப் போனது. 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரி மயானத்தில் இன்று ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன.

அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சத்துக்கும் அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும், பிடித்தும் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் அதில் அடக்கம். பலர் குடும்பத்தோடு போனவர்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கையை 90,000 வரை சொல்கிறார்கள். துல்லியமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் ஒன்றுதான். அவர்களுக்கென்று படைப்பிரிவு இல்லை, எழுதி வைக்க ஆள் இல்லை, பட்டியல் இல்லை.

வீரனுக்கு நடுகல் நட்டுப் பெயர் பொறிப்பது தமிழர்களின் பழைய வழக்கம். மலேசியத் தமிழர்களின் முயற்சியால் 2023-ல் காஞ்சனபுரியிலும் அப்படி ஒரு நடுகல் எழுந்தது. ஆனால் அங்கே இறந்த தமிழர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் பொறிக்க வழியில்லை. பெயரை எழுதி வைப்பதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்த ரயில் பாதையே பதில்.

ஒரு நாளைக்கு ஒருவர்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 25, 'அன்சாக் தினம்'. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் 1915-ல் கல்லிப்போலியில் கரையிறங்கிய நாள். விடிவதற்கு முன்பே மக்கள் தங்கள் ஊர் நினைவுச்சின்னத்தின் முன்னால் கூடுகிறார்கள். பாட்டி, பேரன், கைக்குழந்தை எல்லோரும் இருட்டில் அமைதியாக நிற்பார்கள். தாத்தாவின் பதக்கத்தைப் பேரப்பிள்ளைகள் நெஞ்சின் வலப்பக்கம் குத்திக்கொள்வார்கள். இடப்பக்கம், பதக்கம் வாங்கியவருக்கு மட்டுமே உரியது.

முதல் உலகப் போருக்குப் போனவர்களில் இன்று ஒருவர்கூட உயிரோடு இல்லை. இரண்டாம் உலகப் போரின் வீரர்களும் வேகமாகக் குறைந்து வருகிறார்கள். 'எனக்கு அவரைத் தெரியும்' என்று சொல்ல ஆள் இல்லாத காலத்தில், எழுதி வைத்ததுதான் மிஞ்சும்.

கான்பெரா நினைவகத்தின் வெண்கலப் பலகைகளில் 1,03,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பதவியும் இல்லை, பதக்கமும் இல்லை, பெயர் மட்டும்தான். பார்க்க வருபவர்கள் சிவப்புப் பாப்பி மலரைப் பெயருக்குப் பக்கத்தில் செருகிவிட்டுப் போவார்கள். 2013 முதல் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. தினமும் மாலை மூடுவதற்கு முன்னால், அந்தப் பலகையிலிருந்து ஒருவருடைய வாழ்க்கைக் கதையை வாசிக்கிறார்கள். எந்த ஊர், அப்பா அம்மா யார், என்ன வேலை, எப்படிப் போனார், எப்படி இறந்தார் என்று சில நிமிடங்கள்தான். பிறகு ஊதுகுழல் ஒலிக்கிறது. சில நாட்கள் அவருடைய குடும்பத்தின் இன்றைய தலைமுறையும் வந்து மலர்வளையம் வைக்கிறது.

ஒரு நாளைக்கு ஒருவர் என்று வாசித்தால், எல்லோரையும் சொல்லி முடிக்க 280 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று ஒருவர். நாளை மாலை, இன்னொருவர்.